சம்பளம் குறைந்த வேலைக்கே போங்கள், தம்பி

கேள்வி: ஐயா, வணக்கம். பவானிக்கும் மேட்டூருக்கும் நடுவில் காவிரிக் கரையில் எங்கள் ஊர். வயது 22. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒன்றரை வருடமாகப் பெருந்துறைப் பக்கம் ஒரு சாய ஆலையில் விறகுப் பாய்லர் ஹெல்பராக இருக்கிறேன். இப்போது மூன்று வழி வந்திருக்கிறது. ஒன்று, பெரிய அனல் மின் நிலையத்தில் காண்டிராக்டர் கீழே பம்பு மெயின்டனன்ஸ், மாதம் 18,000. இரண்டு, ஒரு சர்க்கரை ஆலையின் கோஜென் நிலையத்தில் (கரும்புச் சக்கையை எரித்து ஆலைக்கு நீராவியும் கூடவே மின்சாரமும் எடுக்கும் இடம்) ஆபரேஷன் டிரெய்னி, 14,500, ஷிப்டு வேலை. மூன்று, நான்கு லட்சம் கொடுத்தால் மின்வாரியத்தில் நிரந்தர வேலை வாங்கித் தருகிறேன் என்று சொந்தக்காரர் மூலமாக ஒருவர் வந்திருக்கிறார். மஞ்சள் விற்ற பணத்தோடு தோட்டத்துப் பத்திரத்தையும் வைத்துப் புரட்டிவிடலாம் என்கிறார் அப்பா. ராத்திரி ஷிப்டு வேண்டவே வேண்டாம், பொண்ணு கொடுக்க மாட்டார்கள் என்கிறார் அம்மா. கூட வேலை செய்பவர்களோ, நிலக்கரிக் கரண்ட்டே இன்னும் பத்து வருடத்தில் இருக்காது, சோலார் பக்கம் போ என்கிறார்கள். நான் எதைப் பிடிப்பது? நிலையத்தை ஓட்டும் ஆபரேஷனா, பழுது பார்க்கும் மெயின்டனன்ஸா?

பதில்: தம்பி, மூன்றாவது வழியை முதலில் மூடிவிடுவோம். அப்பா பத்திரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் மின்வாரியம் என்று சொல்லும் நிறுவனம் 2024-ல் உற்பத்திக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று எனப் பிரிந்துவிட்டது. ஆள் தேர்வு டிஎன்பிஎஸ்சி பக்கம் போய்விட்டது. அறிவிப்பு வரும், தேர்வு எழுத வேண்டும், மதிப்பெண் வரிசைப்படி எடுப்பார்கள். நடுவில் ஒரு ஆள் பணம் வாங்கிக்கொண்டு உங்களை உள்ளே நுழைக்க முறையான வழி எதுவும் கிடையாது. எங்கள் பங்காளி வீட்டில் இப்படிக் கொடுத்தார்கள். ஆர்டர் தை மாதம் வரும், சித்திரையில் வரும் என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் ஓடியது. ஆளும் இல்லை, பணமும் இல்லை. கொடுத்ததும் தப்புதான் என்பதால் புகார் கொடுக்கவும் பயந்தார்கள். அந்தப் பையன் அந்த ஆறு வருடமும் வேறு வேலை எதிலும் மனசு வைக்கவில்லை. போன பணத்தைவிட அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

மீதி இரண்டில் சர்க்கரை ஆலைக்குப் போங்கள். மாதம் 3,500 ரூபாய் குறைவது உங்கள் வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன். நான் 34 வருடம் மின் உற்பத்தியில் இருந்தேன். ஃபீல்டு ஆபரேட்டராகச் சேர்ந்து ஷிப்டு இன்சார்ஜாக ஓய்வு பெற்றேன். என்னிடம் வேலை பழகி இன்று நல்ல இடத்தில் இருக்கும் பையன்களை நினைத்துப் பார்த்தால், முதல் மூன்று வருடம் முழு நிலையத்தையும் சுற்றி வந்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர்.

பெரிய அனல் நிலையத்தில் ஒரு 210 மெகாவாட் அலகை, அதாவது ஒரு பாய்லர், அதன் நீராவியில் சுழலும் டர்பைன், அதோடு சுழன்று மின்சாரம் எடுக்கும் ஜெனரேட்டர் சேர்ந்த ஒரு தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் இருக்கும் பழைய நான்கு அலகுகளும் அந்த அளவுதான். நிலக்கரியைப் பொடியாக்கும் மில்கள், காற்றைத் தள்ளவும் புகையை இழுக்கவும் ஐ.டி., எஃப்.டி., பி.ஏ. என்று பெரிய விசிறிகள், பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் ஊட்டுநீர்ப் பம்புகள், நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கும் கண்டென்சர், கூலிங் டவர், சாம்பலைப் பிடிக்கும் இ.எஸ்.பி. என்று சாமான்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். காண்டிராக்டர் உங்களை அதில் ஒரு கேங்கில் போடுவார். தண்டு வழியே தண்ணீர் கசியாமல் அடைக்கும் கிளாண்டு பேக்கிங்கை மாற்றுவீர்கள், தண்டைத் தாங்கும் பேரிங்கைப் போடுவீர்கள், பம்பையும் மோட்டாரையும் இணைக்கும் கப்ளிங் நேர்கோட்டில் இருக்கிறதா என்று அலைன்மென்ட் பார்ப்பீர்கள். மூன்று வருடத்தில் அந்தப் பம்பைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டத் தெரிந்துவிடும். அந்தப் பம்பு நின்றால் பாய்லரில் என்ன ஆகும், டர்பைனில் என்ன ஆகும் என்பது உங்கள் காதுக்கு வராது, சொல்லித்தரவும் யாருக்கும் நேரம் இருக்காது. டெண்டர் மாறினால் காண்டிராக்டர் மாறுவார். பழைய கம்பெனி கொடுத்த அனுபவக் கடிதத்தை அடுத்த இடத்தில் காட்டும்போது அந்தக் கம்பெனியே இருக்காது. பதினைந்து வருடம் அப்படி ஓடியும் ஹெல்பர் சம்பளத்திலேயே நிற்கும் கைகாரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வராமல், இயந்திரத்தை நிறுத்திப் பிரித்துப் பழுது பார்க்கும் ஒரு ஓவர்ஹாலும் முடியாது. அவர்களுக்கு நாம் செய்வது நியாயமே இல்லை. எப்போதாவது காண்டிராக்டர் கீழே வேலை செய்ய நேர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரெண்டும் மாதாமாதம் ஏறுகிறதா என்று போனில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கோஜென் நிலையம் சின்னது. ஒரு பாய்லர் அல்லது ரெண்டு, ஒரு டர்பைன், ஒரு கூலிங் டவர், தண்ணீரைச் சுத்திகரிக்கும் டி.எம். பிளான்ட், ஓரத்தில் மின்சாரத்தை வெளியே அனுப்பும் ஒரு சுவிட்ச்யார்டு. அரை மணி நேரம் நடந்தால் மொத்தத்தையும் சுற்றி வந்துவிடலாம். உங்களுக்கு வேண்டியது அந்தச் சின்ன அளவுதான். கரும்பு அரைத்த சக்கை பெல்ட்டில் வந்து பாய்லரில் விழுகிறது. அதில் பாதிக்குப் பாதி ஈரம். மழை நாளில் முற்றத்துச் சக்கை இன்னும் ஊறிப்போய் வரும்போது தீ எப்படி மங்குகிறது, காற்றை எப்படிக் கூட்டிக் குறைக்க வேண்டும் என்று பார்க்கலாம். டர்பைனில் சுழன்று அழுத்தம் குறைந்த நீராவியின் ஒரு பங்கு ஆலைக்குப் போய்க் கரும்புச்சாறு காய்ச்சுகிறது. ஆலையில் மில் திடீரென்று நின்றால் நீராவி கேட்பது குறையும், சக்கை வரத்தும் நிற்கும், டர்பைன் லோடும், அதாவது அதிலிருந்து எடுக்கும் மின்சார அளவும் ஆடும். ஒரு இடத்தில் அசைத்தால் மற்ற எல்லா இடமும் அசைவதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். பெரிய நிலையத்தில் இதை உணர எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

விறகுப் பாய்லர் ஓட்டிய ஒன்றரை வருடம் வீண் போகாது. தீயைப் பார்க்கும் கண் உங்களுக்கு வந்திருக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டும். சாய ஆலைப் பாய்லரில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ அழுத்தம்தான் இருக்கும், கசிந்தால் வெள்ளையாகப் புகைகிறது, ஒதுங்கிவிடுவீர்கள். கோஜெனில் அழுத்தம் 60 கிலோவில் ஆரம்பித்து 110 வரை போகும், நீராவியின் சூடு 500 டிகிரி சுற்றுவட்டாரத்தில் நிற்கும். அந்த நீராவி கசிந்தால் கசியும் இடத்தில் கண்ணுக்கே தெரியாது. தள்ளிப்போய்க் காற்றில் குளிர்ந்த பிறகுதான் வெள்ளையாகும். விசில் மாதிரிச் சத்தம் மட்டும் கேட்கும். எங்கள் காலத்துப் பெரியவர்கள் அந்தச் சத்தம் கேட்டால் நீளக் குச்சியில் சீமாற்றைக் கட்டி முன்னால் நீட்டிக்கொண்டு, அடி அடியாகப் போவார்கள். கசிவு இருக்கும் இடத்தில் சீமாற்று ஈர்க்கு அறுபட்டு விழும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கையை நீட்டிப் பார்க்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். இப்போதெல்லாம் சீமாற்றை எடுத்துக்கொண்டு போக வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. அந்தப் பக்கம் யாரும் போகாமல் தடுத்துவிட்டு, ஷிப்டு இன்சார்ஜிடம் சொல்லுங்கள்.

ஃபீல்டு ஆபரேட்டர் வேலை என்றால் என்ன என்று உங்கள் அம்மா கேட்டால், மணிக்கொரு தரம் சுற்றி வந்து மீட்டர் எழுதுவது என்று சொல்வீர்கள். வெளியே பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான் சேர்ந்த புதிதில் எனக்கு மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார், ஐடிஐ படித்தவர். அவர் லாக் ஷீட்டில் எண்ணை எழுதிவிட்டு முந்தைய நான்கு மணி நேரத்து எண்களின் மேல் விரலை வைத்து ஓட்டுவார். ஒரு ராத்திரி டர்பைன் பேரிங் சூடு 62, 63, 65, 66 என்று வந்துகொண்டிருந்தது. அலாரம் அடிக்க இன்னும் நிறைய தூரம் இருந்தது. கண்ட்ரோல் ரூமில் யாரும் கவனிக்கவில்லை, கவனிக்க அங்கே ஒன்றும் இல்லை. இவர் என்னைக் கூட்டிக்கொண்டு கீழே, பேரிங்குக்குப் போகும் எண்ணெயைத் தண்ணீரால் ஆற்றும் கூலருக்குப் போனார். உள்ளே போகும் தண்ணீர்க் குழாயில் கை வைத்தார், வெளியே வரும் குழாயில் கை வைத்தார். என் கையையும் வைக்கச் சொன்னார். வெளியே வரும் தண்ணீர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. தண்ணீர் வரத்து குறைந்திருக்கிறது, வடிகட்டி அடைத்திருக்கும் என்றார். மாற்று வடிகட்டிக்குத் திருப்பிவிட்டுப் பழையதைத் திறந்தால் உள்ளே பாசியும் இலையும் கைப்பிடி அளவு இருந்தது. ஒரு மணி நேரத்தில் பேரிங் 62-க்கு இறங்கியது. லாக் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதினார். அன்றைக்கு அவர் சும்மா எண்ணை எழுதிவிட்டுப் போயிருந்தால் விடியற்காலையில் அலகு தானாக நின்று ட்ரிப் ஆகியிருக்கலாம்.

அதனால் சொல்கிறேன், எழுதும் ஒவ்வொரு எண்ணையும் போய்ப் பார்த்து எழுதுங்கள். முந்தைய மணி நேரத்து எண்ணைப் பார்த்து உத்தேசமாக எழுதும் ஆட்கள் எல்லா நிலையத்திலும் உண்டு. உங்களையும் அப்படிப் பழக்கப் பார்ப்பார்கள். திரையில் எல்லாம் தெரிகிறதே, நடப்பது எதற்கு என்பார்கள். திரை காட்டுவது சென்சார் வைத்த இடத்தை மட்டும்தான். எண்ணெய் சொட்டுவதும், பெல்ட்டு தீய்ந்த வாசம் வருவதும், நேற்று இல்லாத ஒரு உறுமல் இன்று பம்பில் கேட்பதும் திரையில் வராது. பாய்லரின் மேலே தண்ணீரும் நீராவியும் பிரியும் உருளையான டிரம்மின் தண்ணீர் மட்டத்தை மட்டும் எந்த ஷிப்டிலும் கேஜ் கிளாஸ் என்ற கண்ணாடியில் கண்ணால் பார்த்துவிட்டுத் திரையோடு ஒப்பிடுங்கள். மட்டம் கீழே போனால் டியூப்கள் வறண்டு வெடிக்கும். மேலே போனால் நீராவியோடு தண்ணீர் கலந்து டர்பைன் இறக்கைகளில் அடிக்கும். பாய்லர் ஓட்டுபவனுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேறு இல்லை.

இனி, நான் கோஜெனைச் சொல்வதற்கு முக்கியமான காரணம். கரும்பு அரவை வருடம் பூராவும் நடக்காது. சீசன் முடிந்ததும் ஆலை நிற்கும், பாய்லர் ஆறும், பழுது பார்க்கும் வேலை ஆரம்பிக்கும். சில ஆலைகளில் சக்கையைச் சேர்த்து வைத்தும் நிலக்கரி வாங்கியும் கொஞ்ச காலம் மின்சாரத்துக்காக மட்டும் ஓட்டுவார்கள். அப்போதும் ஒரு கட்டத்தில் நிறுத்தித் திறந்தே ஆக வேண்டும். சின்ன நிலையத்தில் அதற்கென்று தனிப்படை வைத்திருக்க மாட்டார்கள். சீசனில் ஓட்டிய ஆட்களையே கூட நிறுத்துவார்கள். ஆறு மாதம் நீங்கள் வெளியிலிருந்து பார்த்த டிரம்முக்குள் டார்ச்சோடு நுழையலாம். நீராவியை இன்னும் சூடேற்றும் சூப்பர் ஹீட்டர் டியூப் எந்த வளைவில் தேய்ந்திருக்கிறது என்று அளக்கலாம். சக்கையோடு வரும் மண்ணும் சாம்பலும்தான் அதைத் தேய்த்தது, நீங்கள் காற்றை அதிகமாக வைத்து ஓட்டிய நாள்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று அப்போது புரியும். டர்பைன் மூடியைத் தூக்கும் நாளில் லீவு போடாதீர்கள். கல்யாணமே இருந்தாலும் காலையில் போய்ப் பார்த்துவிட்டுப் போங்கள். ஆபரேஷனா மெயின்டனன்ஸா என்று கேட்டீர்களே, கோஜெனில் வருடத்துக்கு ஒரு தரம் ரெண்டும் உங்கள் கைக்கு வரும். மூன்று சீசன் முடிந்த பிறகு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் கணிப்பைக் கேட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அலாரம் அடித்ததும் பதறாமல் எதை முதலில் பார்ப்பது என்று யோசிப்பவருக்கு ஆபரேஷன் பொருந்தும். ஒரு பொருளைக் கழற்றினால் காரணம் தெரியாமல் சாப்பாடு இறங்காதவருக்கு மெயின்டனன்ஸ். கோவைப் பக்கத்து லேத்து பட்டறைகளிலும் மோட்டார் ரீவைண்டிங் கடைகளிலும் வளர்ந்த பையன்கள் மெயின்டனன்ஸில் கொடிகட்டிப் பறப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் டயல் கேஜைக் கையில் எடுத்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகலை விரலால் உணர்வது போல இருக்கும். மெயின்டனன்ஸ் பக்கம் போனால் வைப்ரேஷன் அனாலிசிஸ் படித்துக்கொள்ளுங்கள். ஓடும் இயந்திரத்தின் அதிர்வைப் பார்த்து, உள்ளே பேரிங் போகப்போகிறதா, அலைன்மென்ட் விலகியிருக்கிறதா என்று திறக்காமலேயே சொல்லும் ஆளுக்கு எந்த ஆலையிலும் மரியாதை உண்டு.

எதில் இருந்தாலும் பெர்மிட் விஷயத்தில் ஒரு இம்மி கூட விட்டுக்கொடுக்காதீர்கள். ஓடும் நிலையத்தில் ஒரு பம்பைப் பழுது பார்க்க வேண்டும் என்றால், ஆபரேஷன் ஆள் அதன் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரைப் பிரித்து, வால்வுகளை மூடி, பூட்டுப் போட்டு, அட்டை தொங்கவிட்டு, எழுத்தில் பெர்மிட் கொடுக்க வேண்டும். வேலை முடிந்து, ஆட்களை எண்ணிப் பார்த்து, அந்தப் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கரண்ட் போட வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் ஷிப்டு மாறும் நேரத்தில் இது வாய்வார்த்தையாக நடந்தது. வேலை முடிந்துவிட்டது என்று போனில் யாரோ சொன்னார்கள். அது பக்கத்துப் பம்பு. இந்தப் பம்பின் கப்ளிங்கில் ஃபிட்டர் ஒருவர் கை வைத்திருந்தார். இரண்டு விரல் போனது. நாதஸ்வரம் வாசிப்பவர் அவர், கோயில் விசேஷங்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். அன்றைக்கு நான் ஷிப்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியவன். பெர்மிட் புத்தகத்தை வரி வரியாகப் படித்து ஒப்படைக்காமல் வாயால் சொல்லிவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரைக்கும் பெர்மிட் புத்தகத்தில் ஒவ்வொரு வரியையும் அடுத்தவர் வாய்விட்டுப் படித்துக் கையெழுத்துப் போடாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. புது ஆள் நீங்கள், பெரியவர்கள் அவசரப்படுத்துவார்கள். பெர்மிட் இல்லாமல் தொட மாட்டேங்க என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நில்லுங்கள். பூட்டின் சாவியை உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாய்லர், தொட்டி, சாம்பல் சேரும் ஹாப்பர் மாதிரி மூடிய இடத்துக்குள் இறங்குவதாக இருந்தால் உள்ளே காற்றைச் சோதித்த பிறகுதான் இறங்க வேண்டும், வெளியே ஒரு ஆள் நகராமல் நிற்க வேண்டும். ஹாப்பரில் மேலே கறுத்துக் கிடக்கும் சாம்பல் உள்ளே கனலாக இருக்கும்.

அடுத்தது காகிதம். நம் ஊர்ப் பையன்கள் கோட்டை விடுவது இதில்தான். பாய்லர் ஓட்ட இங்கே சட்டப்படி சான்றிதழ் வேண்டும். 1923-லிருந்து இருந்த பாய்லர் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் வந்தது. தகுதி உள்ள ஆள் இல்லாமல் பாய்லரை ஓட்டக்கூடாது என்பது இரண்டிலும் உண்டு. பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ் ஒன்று, அதற்கு மேலே பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சான்றிதழ் ஒன்று. எல்லோரும் பி.ஓ.இ. என்பார்கள். டிப்ளமோ படித்துவிட்டு, பெரிய பாய்லரில் குறிப்பிட்ட காலம் வேலை செய்த அனுபவத்தோடு அந்தத் தேர்வு எழுதலாம். நேர்முகத்தில் பாய்லரைப் பற்றிக் குடைந்து குடைந்து கேட்பார்கள். பி.ஓ.இ. வாங்கிய டிப்ளமோக்காரருக்குச் சர்க்கரை ஆலை, காகித ஆலை, சிமென்ட் ஆலை, ரசாயன ஆலை எல்லா வாசலும் திறக்கும். புகளூர்க் காகித ஆலை மாதிரி சொந்த மின் நிலையம் வைத்திருக்கும் இடங்கள் நம் பக்கம் பல இருக்கின்றன. அனுபவச் சான்றிதழில் எந்தப் பாய்லர், அதன் பதிவு எண், எவ்வளவு பெரியது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன வேலை என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். வேலையை விட்டுப் பல வருடம் கழித்துக் கேட்டால் யாரும் தேடித் தர மாட்டார்கள். இப்போது இருக்கும் சாய ஆலையிலும் கிளம்புவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.

டிஎன்பிஎஸ்சி தொழில்நுட்பத் தேர்வு அறிவிப்புகளை விடாமல் பார்த்துவாருங்கள். நான்கு லட்சத்தில் கிடைப்பதாகச் சொன்ன வேலைக்கு அதுதான் உண்மையான வாசல். விண்ணப்பக் கட்டணமும் புத்தகச் செலவும் சேர்த்தாலும் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். தொழில் பழகுநர் பயிற்சி இன்னும் எடுக்கவில்லை என்றால் அதற்கான விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள், படிப்பு முடிந்து காலம் கடந்தால் வாய்ப்புப் போய்விடும். கோவையிலும் சேலத்திலும் டிப்ளமோக்காரர்களுக்குப் பகுதிநேர பி.இ. உண்டு. ஆனால் மாலை வகுப்பும் மூன்று ஷிப்டும் ஒத்துப்போகாது. மூன்று வருடம் கழித்துப் பொது ஷிப்டு மெயின்டனன்ஸுக்கு மாறினால் அப்போது சேரலாம். நெய்வேலியில் இருக்கும் தேசிய மின் பயிற்சி நிறுவனத்தில் அனல் நிலையப் பயிற்சிகள் நடக்கின்றன. ஆலையே அனுப்புவதாக இருந்தால் பெட்டியைக் கட்டிவிடுங்கள்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். ராத்திரி ஷிப்டு உடம்பைத் தின்னும், அதை மறைக்க மாட்டேன். காலை ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து ஆறு என்று மாறி மாறி வரும். முதல் ஆறு மாதம் பசியும் தூக்கமும் தாறுமாறாகும். பொங்கலன்றும் தீபாவளியன்றும் யாராவது ஒருவர் பாய்லர் முன்னால் நின்றாக வேண்டும், புது ஆளுக்கு அது அதிகமாகவே விழும். என் பெரிய பெண்ணுக்குக் காது குத்தியபோது நான் கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அம்மா பயப்பட வேண்டியது கல்யாணத்தைப் பற்றி இல்லை. காலை ஆறு மணிக்கு ஷிப்டு முடிந்து வண்டியில் வீட்டுக்கு வரும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான். என்னோடு வேலை செய்த இருவரை அந்த நேரத்தில்தான் ரோட்டில் இழந்தேன். ராத்திரி முழுக்க விழித்த கண் வெயில் பட்டதும் தானாக மூடும். ஆலைக் குடியிருப்பில் அறை கொடுத்தால் வாடகையைப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ராத்திரி ஷிப்டு முடிந்ததும் ஓய்வறையில் ஒரு மணி நேரம் படுத்துவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரி ஒரு மணிக்குப் புரோட்டா சாப்பிடாதீர்கள், வீட்டுச் சோறு கொஞ்சமாக, மோர் நிறைய. பகலில் தூங்கும் அறைக்கு ஜன்னலில் கனமான துணியைப் போடச் சொல்லுங்கள். பொண்ணு கொடுக்கிற வீடுகள் ஷிப்டைக் கேட்பது உண்மைதான். நிலையான வேலையா, ஆள் எப்படி என்பதைத்தான் அதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான் கேட்டார்கள், கொடுத்தார்கள்.

நிலக்கரி இன்னும் எத்தனை நாள் என்ற கேள்விக்கு, உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மேட்டூரின் 210 மெகாவாட் அலகுகள் 1987-லிருந்து 1990-க்குள் ஓட ஆரம்பித்தவை, வயதாகிவிட்டது. பகலில் சோலார் மின்சாரம் கொட்டுகிறது, காற்றுக் காலத்தில் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் கொட்டுகின்றன. ஆனால் பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் விளக்கெரியும் நேரத்தில் சோலார் இல்லை. அந்த நேரத்துக்காக நிலக்கரி அலகுகள் பகலில் லோடைக் குறைத்துக்கொண்டு காத்திருந்து, சாயங்காலம் வேகமாக ஏற வேண்டியிருக்கிறது. லோடை 40 சதவீதம் வரை இறக்கி ஓட்டப் பழக வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதியே போட்டுவிட்டது. தினமும் சூடேறி ஆறினால் குழாய்களும் வால்வுகளும் சீக்கிரம் களைக்கும், டியூப் லீக் கூடும். அதாவது கைதேர்ந்த ஆபரேட்டரும் ஃபிட்டரும் இன்னும் அதிகமாகத் தேவைப்படும் காலம் இது. உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகளாக இரண்டு கட்டினார்கள். அந்த வகைப் பாய்லரில் டிரம்மே கிடையாது, கற்றுக்கொள்ளப் புதிதாக நிறைய இருக்கிறது.

நீராவியோடு நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை. ஆனைமலையில் காடம்பாறை நிலையம், நான்கு அலகு, 400 மெகாவாட், மலைக்குள்ளே குடைந்து கட்டியது. மிச்ச மின்சாரம் இருக்கும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிறது. நீலகிரியில் குந்தாவிலும் அதே மாதிரி 500 மெகாவாட்டுக்குக் கட்டுகிறார்கள். சோலார் கூடக் கூட இந்த வகை நிலையங்களுக்குத்தான் கிராக்கி. காற்றாலைப் பராமரிப்பு என்றால் 80 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், உயரத்தில் வேலை செய்யத் தனிப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். காற்றுக் காலத்துக்கு முன்னால் கியர்பாக்ஸ் எண்ணெய், பேரிங் எல்லாம் பார்த்து முடித்தாக வேண்டும். சோலாரில் வேலை இருக்கிறது. ஆனால் பலகை துடைக்கும் வேலையையும் புல் வெட்டும் வேலையையும் டெக்னீசியன் என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், இன்வெர்ட்டரும் ட்ரான்ஸ்பார்மரும் கைக்கு வருமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். நீங்கள் தினமும் பார்க்கும் காவிரியிலேயே செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைக்குக் கதவணை 30 மெகாவாட் நிலையம் இருக்கிறது. மேட்டூர் அணை மின் நிலையம் 1937-ல் ஓட ஆரம்பித்தது, இன்றும் ஓடுகிறது. பேரிங்கும் எண்ணெய் அழுத்தமும் அதிர்வும் அலைன்மென்ட்டும் பெர்மிட்டும் இவை எல்லாவற்றுக்கும் பொது. சக்கைப் பாய்லர் பக்கத்தில் நீங்கள் பழகும் பழக்கம் எந்த நிலையத்துக்கும் கூட வரும்.

சேருவதற்கு முன்னால் கோஜென்காரர்களிடம் நான்கு விஷயம் கேளுங்கள். டிரெய்னி காலம் எத்தனை மாதம், முடிந்தால் சம்பளம் எவ்வளவு, அதைக் கடிதத்தில் போடுவார்களா? சீசன் இல்லாத மாதங்களில் சம்பளம் உண்டா, ஓவர்ஹாலில் விடுவார்களா? அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? வாங்கி வைப்போம் என்றால் நகல் மட்டும் தருகிறேன் என்று சொல்லுங்கள், பிடிவாதம் பிடித்தால் அந்த இடம் வேண்டாம், வேறு ஆலை பார்க்கலாம். பாதுகாப்புச் செருப்பும் ஹெல்மெட்டும் அவர்கள் கொடுப்பார்களா என்பது நான்காவது. கொடுக்கத் தாமதமானால் முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே நல்ல சேஃப்டி ஷூ ஒன்று சொந்தமாக வாங்கிவிடுங்கள். பருத்திச் சட்டைதான் போட வேண்டும், பாலியஸ்டர் சூடு பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, முதல் மாதத்திலேயே நீராவிக் குழாய், தண்ணீர்க் குழாய், எண்ணெய்க் குழாய் மூன்றையும் நடந்தே பின்தொடர்ந்து கையால் படம் வரையுங்கள். வால்வுக்கு வால்வு எண் போடுங்கள். தப்பாக வரைந்தாலும் பரவாயில்லை, ஆறு மாதத்தில் நீங்களே திருத்துவீர்கள். முதல் சீசன் முடிந்து டிரம்முக்குள் இறங்கிப் பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். உள்ளே என்ன நிறத்தில் இருந்தது என்று எழுதுங்கள், தண்ணீரை எப்படிப் பராமரித்தீர்கள் என்று அதிலிருந்து நான் சொல்லிவிடுவேன்.